குட்டி மீனுக்கு சோயா கொடுத்தா என்ன ஆகும்?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாக லேசாகத் திருத்தப்பட்டது.)

இன்னைக்கு சாப்பாடு பத்திப் பேசப் போறோம். ஆனா நம்ம சாப்பாடு இல்ல. நம்ம தட்டுக்கு வர்ற மீன், அதோட சின்ன வயசுல என்ன சாப்பிட்டுச்சு?

"இது எனக்கு எதுக்கு ப்ரோ?"ன்னு தோணலாம். ஒரே ஒரு கணக்கு சொல்றேன். 2022-ல உலகம் முழுக்க கடல், ஆறு, ஏரியில இருந்து பிடிச்ச மீன், இறால், நண்டு எல்லாம் சேர்த்து சுமார் 9.1 கோடி டன். அதே வருஷம் பண்ணையில வளர்த்தது சுமார் 9.4 கோடி டன். ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண் அமைப்பு சொல்ற கணக்கு இது. மனுஷ வரலாற்றுலயே முதல் தடவையா, பிடிச்சதை விட வளர்த்தது அதிகம். ஆக, மீனுக்கு யார் சாப்பாடு போடுறாங்க, எதைப் போடுறாங்க என்பது இனிமே நம்ம எல்லாருக்குமான கேள்வி.

மீனை வளர்க்க மீன்

பண்ணை மீன்களை ரெண்டு வகையா பிரிச்சுக்கலாம். ரோகு, கட்லா, மிர்கால் மாதிரி கெண்டை மீன்கள் ஒரு வகை. தவிடும் கடலைப் புண்ணாக்கும் கலந்து போட்டாலே குளத்துல வளர்ந்துடும். நம்ம ஊர் குளங்கள்ல காலங்காலமா நடக்கிறது அதுதான். இன்னொரு வகை, மத்த மீனைத் தின்னு வாழுற வேட்டை மீன்கள். சால்மன், டிரவுட், நம்ம கொடுவா எல்லாம் இதுல வரும். இதுகளுக்குத் தீவனத்துல காலங்காலமா போடுறது மீன்தூள்.

மீன்தூள்னா வேற ஒண்ணும் இல்ல. சின்னச் சின்ன கடல் மீன்களை வேகவச்சு, பிழிஞ்சு எண்ணெயைத் தனியா எடுத்து, மிச்சத்தைக் காயவச்சு அரைக்கிறது. நாலு, அஞ்சு கிலோ பச்சை மீனுக்கு ஒரு கிலோ தூள் கிடைக்கும். உலகத்துல இதுக்குப் பெரிய சப்ளையர் பெரு நாடு. அங்க கிடைக்கிற ஆஞ்சோவெட்டா என்கிற மீன் நம்ம நெத்திலிக்குச் சொந்தக்காரன். எல் நினோ வந்து கடல் சூடானா அந்த மீன் காணாமப் போயிடும். 1972-ல அப்படித்தான் ஆச்சு. 2023-லயும் பெரு தன்னோட முக்கிய மீன்பிடிப் பகுதியில வருஷத்தோட முதல் சீசனையே ரத்து பண்ணுச்சு. ஏன்னா வலையில வந்ததுல பெரும்பகுதி இன்னும் வளராத குட்டி மீன்கள். அங்க ரத்து பண்ணினா உலகம் முழுக்க தீவன விலை ஏறும்.

இது தென் அமெரிக்கா பிரச்சினை மட்டும் இல்ல. நம்ம மேற்குக் கடற்கரையில, குறிப்பா கர்நாடகா பக்கம், மீன்தூள் ஆலைகள் நிறைய இருக்கு. அங்க அரைபடுறதுல முக்கியமான மீன் மத்தி. மத்தின்னா என்னன்னு உங்க பாட்டிகிட்ட கேளுங்க. கம்மி காசுல வீட்டுக்கே புரதம் கொடுத்த மீன் அது. அதை அரைச்சு, வேற ஒரு விலை உயர்ந்த மீனுக்குப் போட்டு, அந்த மீன் ரெஸ்டாரன்ட் மெனுவுக்கு வருது. மத்தி வாங்குறவங்களோட தட்டுல இருந்து எடுத்து, கொடுவா ஆர்டர் பண்றவங்களோட தட்டுக்கு மாத்துறோம். நான் இந்த டாபிக்கை எடுத்ததுக்குக் காரணமே இதுதான்.

சரி, "மீன்தூளை எடுத்துட்டு சோயா போட்டுட வேண்டியதுதானே?" நல்ல கேள்வி. பெரிய மீனுக்கு ஓரளவு செஞ்சுட்டாங்க. சிக்கல் குஞ்சுகிட்டதான்.

குஞ்சு என்பது சின்ன சைஸ் மீன் இல்ல

புல்கெண்டை தெரியுமா? பேருலயே புல் இருக்கு. வளர்ந்த புல்கெண்டை நீர்ச்செடி, புல்லு எல்லாத்தையும் மாடு மாதிரி மேயும். ஆனா அதே புல்கெண்டை குஞ்சா இருக்கும்போது என்ன சாப்பிடும் தெரியுமா? தண்ணில மிதக்கிற கண்ணுக்குத் தெரியாத விலங்கு நுண்ணுயிர்களை. ரோகுவும் அப்படித்தான். அதனாலதான் நாற்றங்கால் குளத்துல குஞ்சு விடுறதுக்கு முன்னாடியே சாணம் போட்டு அந்த நுண்ணுயிர்களை வளர்த்து வைப்பாங்க. சைவ மீனே சின்ன வயசுல அசைவம்! அப்போ வாழ்நாள் முழுக்க அசைவமான கொடுவாக்குஞ்சு எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

கொடுவா முட்டையில இருந்து வெளிய வரும்போது ஒண்ணரை, ரெண்டு மில்லிமீட்டர் நீளம்தான். வாய் திறக்கிறதுக்கே ரெண்டு மூணு நாள் ஆகும். அப்போ அதுக்கு வயிறுன்னு ஒண்ணு இன்னும் முழுசா உருவாகியிருக்காது. நமக்கு இரைப்பையில அமிலம் சுரந்து புரதத்தை உடைக்கும் இல்லையா, அந்த வசதியே இல்ல. அதனால முதல்ல ரோட்டிஃபர், அப்புறம் ஆர்ட்டீமியானு உயிருள்ள இரையைக் கொடுத்து, வயிறு தயாரான பிறகுதான் மெதுவா உலர் தீவனத்துக்கு மாத்துவாங்க. சால்மன் குஞ்சு கொஞ்சம் அதிர்ஷ்டசாலி. முட்டை பெரிசு, மஞ்சள்கரு நிறைய. அது தீரும்போது வயிறு ரெடியா இருக்கும், நேரா தூள் தீவனத்துக்கே வந்துடும். அப்பவும் அதோட எடை கிட்டத்தட்ட கால் கிராமுக்கும் கீழதான்.

இந்த சைஸ்ல ஒரு உயிரினம் நாளுக்கு நாள் எடையைக் கூட்டிட்டே போகுது. வாய் சின்னது, குடல் குட்டை, வளர்ச்சி வேகம் பயங்கரம். ஒவ்வொரு துணுக்கு தீவனத்துலயும் எல்லாச் சத்தும் இருந்தாகணும். நாம காலையில இட்லி, மதியம் கீரைனு பிரிச்சு சாப்பிட்டு சமன் பண்ணிக்கிற மாதிரி அதுக்கு முடியாது. அதுலயும் துணுக்கு சின்னதாக ஆக, தண்ணில கரையிற சத்து வாய்க்குப் போறதுக்கு முன்னாடியே கசிஞ்சு போயிடும்.

தாவரத்துல என்ன குறை?

முதல் பிரச்சினை, அடர்த்தி. மீன்தூள்ல புரதம் 60-ல இருந்து 70 சதவீதம் வரைக்கும் இருக்கும். எண்ணெய் எடுத்த சோயா தூள்ல 44-ல இருந்து 48 சதவீதம். கடலைப் புண்ணாக்கும் கிட்டத்தட்ட அந்த ரேஞ்ச்தான். ஆனா சால்மன், கொடுவா குஞ்சுகளோட மொத்தத் தீவனத்துலயே பாதி அளவு புரதம் இருக்கணும். 45 சதவீதப் பொருளை மட்டும் வச்சு 50 சதவீதத் தீவனம் பண்ண முடியாது. இது சிம்பிள் கணக்கு.

ரெண்டாவது, செடியோட தற்காப்பு. விதைங்கிறது செடியோட குழந்தை. அதை யாரும் தின்னுடக் கூடாதுன்னு செடி உள்ள சில கெமிக்கல்களை வச்சிருக்கு. சோயாவுல டிரிப்சின் தடுப்பான் இருக்கு, அது புரதத்தைச் செரிக்கிற நொதியையே முடக்கும். நல்லவேளை, சூடு பண்ணினா இது பெரும்பாலும் போயிடும். ஆனா சப்போனின்னு இன்னொண்ணு இருக்கு, அது சூட்டுக்கெல்லாம் அசையாது. அப்புறம் பைட்டேட். விதையில இருக்கிற பாஸ்பரஸ்ல சுமார் மூணுல ரெண்டு பங்கை இது பூட்டி வச்சிருக்கும். மீனுக்கு அந்தப் பூட்டைத் திறக்கிற சாவி, அதாவது ஃபைட்டேஸ் நொதி, போதுமான அளவு கிடையாது. எலும்பு உருவாகிற வயசுல பாஸ்பரஸ் கிடைக்கலைன்னா முதுகெலும்பே கோணிடும். பெரிய மீன் இந்தக் குறையைக் கொஞ்ச நாள் சமாளிக்கும். குஞ்சுக்கு வாழ்நாள் முழுக்க அந்தக் கூனல் இருக்கும்.

மூணாவது, தாவரத்துல இல்லாத சரக்கு. இதுல எனக்குப் பிடிச்ச உதாரணம் டாரின். நைட் ரிலீஸ் இருக்குன்னா ஒரு எனர்ஜி டிரிங்க் வாங்குவீங்களே, அந்த கேன் பின்னாடி எழுதியிருக்குமே, அதே டாரின்தான். தாவரங்கள்ல இது கிட்டத்தட்ட இல்லவே இல்ல. ஜப்பான்ல யெல்லோடெயில் என்கிற மீனுக்கு மீன்தூள் இல்லாத தீவனம் கொடுத்துப் பார்த்தப்ப கல்லீரல் பச்சை நிறமா மாறுச்சு, ரத்தசோகை வந்துச்சு. காரணம் டாரின் பற்றாக்குறை. டாரினைச் சேர்த்துக் கொடுத்ததும் சரியாச்சு. டாரின் மாதிரியே டிஹெச்ஏ என்கிற ஒமேகா-3 கொழுப்பும். கண்ணும் மூளையும் உருவாக குஞ்சுக்கு அது வேணும். நாம பயிர் பண்ற எண்ணெய் வித்து எதுலயும் இயற்கையா அது கிடையாது. கடல்ல அதைத் தயாரிக்கிறது நுண்பாசிகள்தான், மீன் வெறும் இடைத்தரகர்.

நாலாவது, ருசி. வேட்டை மீன் குஞ்சுக்கு மீன் வாசனை இல்லாத தூள் சாப்பாடாவே தெரியாது. கொடுவாவுல இது இன்னும் ஆபத்து. சில குஞ்சு சாப்பிடும், சில சாப்பிடாது. கொஞ்ச நாள்ல தொட்டில பெரிசு, சிறிசுனு வித்தியாசம் வந்துடும். வந்துட்டா பெரிசு சிறிசை முழுங்கிடும். அதனாலதான் கொடுவா குஞ்சுகளை அடிக்கடி சைஸ் வாரியா பிரிச்சுட்டே இருக்காங்க.

நார்வே செஞ்சு காட்டினது

இவ்வளவு பிரச்சினை இருந்தும் ஒரு நாடு இதைப் பெரிய அளவுல மாத்திக் காட்டியிருக்கு. 1990-ல நார்வே சால்மன் தீவனத்துல 65 சதவீதம் மீன்தூள், 24 சதவீதம் மீன் எண்ணெய். கிட்டத்தட்ட முழுக்கவே கடல். 2020-ல மீன்தூள் 12 சதவீதம், மீன் எண்ணெய் 10 சதவீதம்தான். தீவனத்துல நாலுல மூணு பங்குக்குப் பக்கம் தாவரம்.

ஆனா அது சும்மா ஸ்வாப் பண்ணின கதை இல்ல. ஆரம்பத்துல சாதாரண சோயா தூளைக் கொடுத்துப் பார்த்தப்ப சால்மனோட பின்குடல்ல வீக்கம் வந்துச்சு. 1990-கள்ல அதை விரிவா ஆய்வு பண்ணாங்க. உள்சுவர்ல இருக்கிற மடிப்புகள் சுருங்கி, சத்து உறிஞ்சிறதே குறைஞ்சது. பின்னாடி சப்போனின்தான் முக்கியக் குற்றவாளின்னு தெரிஞ்சது. தீர்வு என்ன? சோயாவை ஆல்கஹால் கலந்த நீர்ல கழுவுறது. சப்போனினும் செரிக்காத சர்க்கரையும் கரைஞ்சு வெளிய போயிடும், புரத அளவு 60 சதவீதத்துக்கு மேல ஏறிடும். சோயா புரத அடர்வுன்னு அதுக்குப் பேர். 2020-ல நார்வே தீவனத்துல அது மட்டுமே அஞ்சுல ஒரு பங்கு.

பைட்டேட்டுக்கு ஃபைட்டேஸ் நொதியைத் தீவனத்து மேல தெளிக்கிறாங்க. குறையிற லைசின், மெத்தியோனின் அமினோ அமிலங்களைத் தனியா சேர்க்கிறாங்க. டிஹெச்ஏ-வுக்கு நுண்பாசியைத் தொட்டில வளர்த்து எண்ணெய் எடுக்கிறாங்க. நம்ம வீட்டுலயும் இந்த டெக்னாலஜி இருக்கு: இட்லி மாவு. புளிக்க வைக்கும்போது உளுந்துல இருக்கிற பைட்டேட் குறையும். அதே ஐடியாவுலதான் புளிக்க வச்ச சோயாவும் மீன் தீவனத்துல வருது.

ஒண்ணு மறக்கக் கூடாது. "தாவரம்"னு போட்டுட்டா உடனே சுத்தபத்தம் ஆகிடாது. நார்வேக்குப் போற சோயா பெரும்பாலும் பிரேசில்ல இருந்துதான் வருது. கடலைக் காப்பாத்த காட்டை அழிச்சோமான்னு அவங்களை நோக்கி கேள்வி வந்துச்சு. அதுக்கப்புறம்தான் சப்ளையர்கள் காடு அழிக்காத சோயா மட்டும் தர்றோம்னு ஒப்புக்கிட்டாங்க.

பூஞ்சை என்கிற வில்லன்

1960-ல அமெரிக்காவுல டிரவுட் குஞ்சு பண்ணைகள்ல ஒரு விசித்திரம். மீன்களுக்குக் கூட்டம் கூட்டமா கல்லீரல் புற்றுநோய். தேடிப் பார்த்தா, தீவனத்துல சேர்த்த பருத்திக்கொட்டை புண்ணாக்கு. அதுல பூஞ்சை பிடிச்சு அஃப்ளடாக்சின் என்கிற நஞ்சு உருவாகியிருந்தது. அதே 1960-ல இங்கிலாந்துல ஒரு லட்சத்துக்கும் மேல வான்கோழிக் குஞ்சுகள் செத்துப் போச்சு. அங்க காரணம் பிரேசில்ல இருந்து வந்த கடலைப் புண்ணாக்கு. அந்த விசாரணையிலதான் இந்த நஞ்சையே கண்டுபிடிச்சாங்க.

இதை ஏன் சொல்றேன்னா, நம்ம ஊர்ல கடலைப் புண்ணாக்குதான் ஈஸியா கிடைக்கிற தாவரப் புரதம். ஈரப்பதமான கிடங்குல மூட்டையைப் போட்டு வச்சா பூஞ்சை வர்றதுக்கு ரொம்ப நாள் ஆகாது. ரெயின்போ டிரவுட் மாதிரி மீனுக்கு நூறு கோடியில சில பங்கு அளவே போதும், புற்றுநோய் வர. பண்ணையாளருக்கு தீவன ஃபார்முலாவை விட முக்கியமானது, காஞ்ச தரையும் காத்தோட்டமும். போரடிக்கிற அறிவுரைதான். ஆனா குஞ்சைக் காப்பாத்துறது அதுதான்.

சின்ன வயசுலயே பழக்கினா?

இப்போ நான் ரொம்ப ரசிச்ச ஆராய்ச்சிக்கு வருவோம். பிரான்ஸ்ல பண்ணினது, 2013-ல வெளியானது. அப்பதான் முதல் முதலா வாய் வச்சு சாப்பிட ஆரம்பிக்கிற டிரவுட் குஞ்சுகளை ரெண்டு குரூப்பா பிரிச்சாங்க. ஒரு குரூப்புக்கு மூணு வாரம் தாவரத் தீவனம். இன்னொண்ணுக்கு வழக்கமான கடல் தீவனம். அதுக்கப்புறம் ஏழு மாசம் ரெண்டு குரூப்புக்கும் ஒரே மாதிரி கடல் தீவனம். கடைசியில ரெண்டுக்கும் 25 நாள் தாவரத் தீவனம் கொடுத்துப் பார்த்தாங்க.

சின்ன வயசுல அந்த மூணு வாரம் தாவரம் ருசி பார்த்த குரூப், மத்ததை விட சுமார் 30 சதவீதம் அதிகமா சாப்பிட்டுச்சு. வளர்ச்சி சுமார் 40 சதவீதம் அதிகம். நடுவுல ஏழு மாசம் கேப் இருந்தும்! "தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்"னு நம்ம ஊர்ல சொல்றதை மீன் தொட்டியில நிரூபிச்சுட்டாங்க.

இது ஒரு மீன் இனத்துல, ஒரு ஆய்வுக்கூடத்துல கிடைச்ச ரிசல்ட். கொடுவாவுக்கு அப்படியே காப்பி பேஸ்ட் பண்ணிட முடியாது. ஆனா கேள்வி மாறிடுச்சு பாருங்க. "குஞ்சுக்குத் தாவரம் ஒத்துக்குமா?" என்பதோட, "எப்போ, எவ்வளவு நாள், எதுக்காகக் கொடுக்கிறோம்?" என்பதும் இப்போ கேள்வி.

ஒரு பேப்பர் கணக்கு போடுவோம்

கடைசியா, என் வேலைக்கார மூளைக்குப் புரிஞ்ச விதத்துல சொல்றேன். ஒரு சால்மன் 5 கிலோ வளரணும். ஒரு கிலோ எடைக்கு 1.2 கிலோ தீவனம்னு வச்சுப்போம். மொத்தம் 6 கிலோ தீவனம். இதுல முதல் 100 கிராம் எடை வர்ற வரைக்கும் சாப்பிடுறது 120 கிராம். மொத்தத்துல வெறும் 2 சதவீதம்.

அந்த 120 கிராம்ல பாதி மீன்தூளாவே இருக்கட்டும். 60 கிராம். இப்போ மிச்சம் இருக்கிற 5,880 கிராம் தீவனத்துல மீன்தூளை 20 சதவீதத்துல இருந்து 10-ஆ குறைச்சா, 588 கிராம் மிச்சம். கிட்டத்தட்ட பத்து மடங்கு.

புரியுதா? குஞ்சுத் தீவனத்துல இருந்து மீன்தூளை முழுசா துடைச்சு எடுக்கணும்னு அடம் பிடிக்கிறதுல கடலுக்குக் கிடைக்கிற லாபம் ரொம்பக் கம்மி. ஆனா தப்பாச்சுன்னா கோணல் எலும்பு, வீங்கின குடல், ஒண்ணையொண்ணு தின்னுற குஞ்சுகள். அரிதா கிடைக்கிற மீன்தூளை எங்க செலவு பண்ணணும்னா, இங்கதான். குழந்தைக்குப் பால் மிச்சம் பிடிச்சு பெரியவங்க காபி குடிக்கிறது மாதிரி பண்ணக் கூடாது. பெரிய மீனோட தீவனத்துல கடுமையா குறைக்கலாம். குஞ்சுக்குத் தாவரத்தை அறிமுகம் பண்ணலாம், பழக்கலாம். முழுச் சாப்பாட்டையும் அது மேல ஏத்த வேண்டாம்.

நம்ம ஊருக்கு இதுல என்ன?

ஈசிஆர்ல முட்டுக்காடு போட் ஹவுஸ் போயிருப்பீங்க. அதே முட்டுக்காட்டுல மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தோட ஆய்வு மையம் இருக்கு. இந்தியாவுலயே முதல் தடவையா 1997-ல கொடுவாவைத் தொட்டியில இனப்பெருக்கம் பண்ண வச்சது இந்த நிலையம்தான். அதனால இந்தக் கேள்விகள் எல்லாம் நார்வேயில மட்டும் கேட்கிறது இல்ல. நம்ம பீச் ரோட்லயும் கேட்கிறாங்க.

மாடித் தொட்டியிலயோ குளத்துலயோ மீன் வளர்க்கிற ஐடியா இருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. அசோலா போட்டா எல்லா மீனும் வளரும்னு வீடியோக்கள் சுத்துது. காயவச்ச அசோலாவுல புரதம் 20, 25 சதவீதம்தான். புல்கெண்டைக்கும் ரோகுவுக்கும் துணைத் தீவனமா நல்லது. கொடுவாக்குஞ்சுக்கு அதை மட்டும் நம்பினா, முதல்ல குஞ்சு போகும், அப்புறம் காசு போகும்.

சாப்பிட மட்டும் செய்றவங்களுக்கு: தினமும் வேட்டை மீன்தான் வேணுமா? தவிடும் புண்ணாக்கும் தின்னு வளர்ற ரோகுவும் கட்லாவும் மத்தியை அரைக்காமலே நம்ம தட்டுக்கு வருது. முள்ளு ஜாஸ்திதான், ஒத்துக்கிறேன். ஆனா அடுத்த தடவை மீன் வாங்கும்போது "ஃப்ரெஷ்ஷா?"ன்னு மட்டும் கேக்காதீங்க. "இது என்ன சாப்பிட்டு வளர்ந்துச்சு அண்ணா?"ன்னும் கேளுங்க. கடைக்கார அண்ணன் ஒரு மாதிரி பார்ப்பார். பரவாயில்ல. பத்து பேர் கேட்டா, அவர் பண்ணையில கேட்பார்.

அவ்ளோதான் மக்களே. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.